சைக்கிளில் ஆட்டமும் சத்தமும்: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் சத்தம் போட ஆரம்பித்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் படுகிற நட்டையெல்லாம் இறுக்குவது. அதில் பாதி நேரம் சத்தம் அப்படியே இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோன் (அச்சில் திருகியிருக்கும் கூம்பு நட்டு) மட்டும் அளவுக்குமேல் இறுகி, உள்ளே பால்ரஸ் (சிறு இரும்பு உருண்டைகள்) அரைபடத் தொடங்கும். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்த நினைப்பது அது ஒன்றைத்தான். வீட்டிலும் தெருவிலும் உறவினர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கேள்விகள் இவை. சாதாரண ராட் பிரேக் சைக்கிள், பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிள், கியர் சைக்கிள் மூன்றையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணுங்கள். சைக்கிளில் மூன்று பொருள்கள் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன: கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), சக்கரம், செயின். முன் பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிடும். 104 கண்ணி உள்ள செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரப் பெடல் இரண்டேகால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். பெடல் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு ‘டக்’ என்றால் கிராங்க், பெடல், காட்டர் பின், செயின் கவர் ஆகியவற்றில் ஒன்று. பெடல் மிதிப்பதை நிறுத்தி உருளவிட்ட பிறகும் அதே தாளத்தில் சத்தம் தொடர்ந்தால் சக்கரம், டயர், மட்கார்ட், பிரேக் கட்டை. பெடல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ‘கடக்’ என்று துள்ளினால் செயினில் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ‘லொட’ என்றால் சுற்றாத பாகம் எதையாவது தேடுங்கள்.

அடுத்து, உட்கார்ந்து ஓட்டும்போது வரும் ‘கிரீச்’ எழுந்து நின்று மிதித்தால் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சீட்டும் சீட் பைப்பும்தான் காரணம். எழுந்து நின்றால் கூடுகிறது என்றால் ஹேண்டில்பாரும் கிராங்கும்.

காது சொல்கிற இடத்தை நம்பலாமா?

அவ்வளவாக நம்ப வேண்டாம். சைக்கிள் பிரேம் உள்ளே கூடான குழாய். ஓரிடத்தில் எழும் சத்தம் குழாய்க்குள் ஓடி வேறிடத்தில் கேட்கும். என் கியர் சைக்கிளில் ஒருமுறை ஒவ்வொரு மிதிக்கும் ‘க்ரிச்’ என்று காலடியில் கேட்டது. பி.பி.யை (கிராங்கின் அச்சு சுற்றும் நடுப்பகுதி, பாட்டம் பிராக்கெட்) கழற்றிக் கிரீஸ் வைத்து மாட்டினேன், பெடலைக் கழற்றி மாட்டினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் சீட் பைப்பை வெளியே இழுத்தபோது அதன் நடுவில் மணலும் வெள்ளைப் பொடியும் வளையமாகப் படிந்திருந்தன. துணியால் துடைத்து, மெல்லக் கிரீஸ் தடவி, முன்பிருந்த உயரத்திலேயே சொருகினேன். அன்றோடு சத்தம் போனது. காலை அழுத்தும்போதெல்லாம் உடம்பின் பாரம் சீட்டில் இடம் மாறுகிறது. அதனால்தான் மிதிக்கும் தாளத்திலேயே அது முனகியிருக்கிறது.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பையும் பி.பி.யையும் சோதிக்கப் பழைய வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. நீளமான திருப்புளியின் நுனியை ஹப்பின் நட்டில் ஊன்றி, பிடியைக் காதின் முன்னெலும்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றுவார்கள். நல்ல ஹப் ‘உஸ்’ என்று சீராகக் கேட்கும். பால்ரஸில் ஒன்று உடைந்திருந்தால் உள்ளே நறநறப்பது பல்லில் கல் கடிபடுவதுபோல் தெளிவாகக் கேட்கும். துப்பட்டா, தலைமுடி, வேட்டி நுனி எதுவும் ஸ்போக்ஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சக்கரத்துக்கு: ரிம்மை பிரேக் கட்டைக்கு அருகில் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று கையில் தட்டினால் கோன் லூஸ்.

கிராங்குக்கு: கிராங்கை பிரேம் பக்கம் தள்ளி இழுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி. கப்பில் ஆட்டம். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சைவிட்டுத் தளர்ந்திருக்கிறது.

ஹேண்டிலுக்கு: முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பிரேமும் சேரும் இடத்தில் வையுங்கள். ஆட்டம் இருந்தால் விரலுக்குத் தெரியும். பிரேக் கட்டையே கொஞ்சம் ஆடுவதால் ஏமாற வாய்ப்புண்டு. சந்தேகமாக இருந்தால் ஹேண்டிலை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பி வைத்து மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

இந்த மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சத்தமே இல்லாத சைக்கிளிலும் பாருங்கள். சத்தம் எரிச்சல்தான்; ஆட்டம் ஆபத்து.

சக்கரம் ஆடுகிறது. கோனை நானே சரிசெய்யலாமா?

தாராளமாக. ஆனால் கையில் பொறுமை வேண்டும். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டால் வேலை எளிது. ஹப்பின் இரு பக்கமும் கோன் இருக்கும். அதன்மேல் வாசரும் லாக் நட்டும். கோன் உள்ளே போகப் போக பால்ரஸ் இறுகும், வெளியே வந்தால் தளரும். லாக் நட்டைத் தளர்த்தி, கோனை முதலில் கையாலேயே உள்ளே திருகுங்கள், தொட்டு நிற்கும்வரை. பிறகு கால் சுற்றில் பாதி பின்னுக்கு எடுங்கள். ஒல்லியான கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்குங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான்: லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் உள்ளே போய்விடும். எனவே இறுக்கி முடித்த பிறகுதான் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எனக்கும் இன்றுவரை அப்படித்தான்.

சரியான அளவு எது? ஆக்சிலின் (அச்சின்) நுனியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றுங்கள். வெண்ணெயில் சுற்றுவதுபோல வழுக்கிக்கொண்டு போக வேண்டும்; அதே சமயம் மேலும் கீழும் ஆடக்கூடாது. விட்டுவிட்டுப் பிடித்துப் பிடித்துச் சுற்றினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். சக்கரத்தை மாட்டித் தூக்கிவிட்டால் வால்வு இருக்கும் பக்கம் தன் கனத்தாலேயே கீழே வந்து, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். சில கியர் சைக்கிளில் நெம்புகோலைச் சாய்த்து மாட்டும் குவிக் ரிலீஸ் இருக்கும். அது ஆக்சிலை லேசாக அமுக்கும் என்பதால், கழற்றிய நிலையில் இம்மியளவு ஆட்டம் விட்டு வையுங்கள். மாட்டி இறுக்கியதும் அது மறைந்துவிடும்.

கிரீஸ் கறுத்துப்போய் மண் கலந்திருந்தால் முழு ஓவராயில் செய்துவிடுங்கள். பெரும்பாலான ஹப்பில் முன் சக்கரத்துக்கு பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குல பால்ரஸ், பின் சக்கரத்துக்கு பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குல பால்ரஸ். கழற்றும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள், விழுவதை எண்ணுங்கள். பால்ரஸ் மலிவு, பழையதைத் துடைத்துப் போடாமல் புதிதாகவே போடுங்கள். கோனில் பால்ரஸ் ஓடும் தடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல ஒரே கோடாக மினுங்கினால் நல்லது. அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தால் அந்தக் கோன் எந்த அளவில் வைத்தாலும் நறநறக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

மிதிக்கும்போது காலடியில் ‘டக், டக்’ என்று இடிக்கிறது. என்ன அது?

சாதாரண சைக்கிள் என்றால் முதல் சந்தேகம் காட்டர் பின் மேல்தான். கிராங்கையும் பி.பி. ஆக்சிலையும் சேர்த்துப் பூட்டும் ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். தளர்ந்தால் கிராங்க் ஆக்சிலின் மேல் நூலளவு முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வுதான் காலில் இடிக்கிறது. பெடல் இரண்டையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, பின்னால் நின்று பாருங்கள். இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்று லேசாகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

காட்டர் பின்னை நட்டைத் திருகி உள்ளே இழுக்கக்கூடாது. மரை பிய்ந்துவிடும். பின்னை உள்ளே ஏற்றுவது சுத்தியல். நட்டு அது திரும்பி வெளியே வராமல் காவலுக்கு மட்டும். ஆனால் கிராங்கை அந்தரத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் பி.பி.யின் பால்ரஸுக்குப் போகும். பின்னின் நட்டு வெளிவரும் பக்கம் கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிறுத்தி, குழாயின் மறுமுனையைத் தரையில் ஊன்றுங்கள். பின் குழாயின் ஓட்டைக்குள் இறங்கும், அடி தரைக்குப் போகும். நாலைந்து தட்டு உறுதியாகத் தட்டி, பிறகு நட்டை இறுக்குங்கள். புதுப் பின் என்றால் ஒருநாள் ஓட்டிவிட்டு மறுபடி தட்டி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது தட்டலை விட்டுவிடுவதால்தான் ‘நேற்றுதான் மாற்றினேன், அதற்குள் லூஸ்’ என்ற புலம்பல்.

புதுப் பின்னின் சரிவு ஆக்சிலின் வெட்டோடு பொருந்தாவிட்டால் ஒரு அரத்தால் மெல்லச் சீவிக்கொள்ளலாம். இரண்டு பக்கப் பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையேல் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது.

கியர் சைக்கிளில் காட்டர் பின் கிடையாது. பெரும்பாலும் சதுர முனை ஆக்சிலில் அலுமினியக் கிராங்க், நடுவில் ஒரு போல்ட். அது தளர்ந்தால் உடனே இறங்கி இறுக்குங்கள். தளர்ந்தபடியே பத்து கிலோமீட்டர் ஓட்டினால் இரும்பு ஆக்சில் மெத்தான அலுமினியத்தின் சதுர ஓட்டையை உருட்டிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கே மாற்ற வேண்டும்.

பெடலைக் கழற்ற முடியவில்லை, இன்னும் இறுகிக்கொண்டே போகிறது!

இடப் பெடலாக இருக்கும். அதன் மரை தலைகீழ். வலப் பெடல் வழக்கமான மரை, இடப் பெடல் எதிர் மரை. எளிய நினைவுக்குறி: ஸ்பேனரை நிமிர்த்திப் பிடித்து அதன் மேல் முனையைச் சைக்கிளின் பின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, மேல் நுனியை மற்றக் கையால் வட்டமாகச் சுற்றச் சொல்லுங்கள். பிடிக்குள் பென்சில் தானாகவே எதிர்த்திசையில் உருளும். பெடல் அச்சும் கிராங்கின் ஓட்டைக்குள் மிதிபடும்போது இதேபோல எதிர்த்திசையில் உருளப் பார்க்கிறது. அந்த உருளல் கழற்றுவதாக இல்லாமல் இறுக்குவதாக அமையத்தான் இடப் பக்கம் எதிர் மரை. பெரும்பாலான சைக்கிளில் பி.பி.யின் வலப்பக்கக் கப்பும் இதனால்தான் எதிர் மரை.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். உலர்ந்த மரை முனகும், பிறகு துருவில் பூட்டிக்கொள்ளும். முதல் மூன்று சுற்று கையால் மட்டும். குறுக்காக ஏறினால் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும்.

ஹேண்டில் ஆடுகிறது. மேலே உள்ள போல்ட்டை இறுக்கினேன், மாற்றமில்லை.

புது மாதிரி கியர் சைக்கிளில் உச்சிப் போல்ட் பூட்டுவதற்கல்ல, ஆட்டத்தை எடுப்பதற்கு. ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு சேர்க்கும் துண்டு) பக்கவாட்டுப் போல்ட்டுகள் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும்வரை உச்சிப் போல்ட்டால் எதுவும் செய்ய முடியாது. முதலில் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். உச்சிப் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

சாதாரண சைக்கிளில் மேல் கப்பைக் கையால் இறுக்கி, அதன் மேலுள்ள பெரிய லாக் நட்டால் பூட்ட வேண்டும். முறை கோனுக்குச் சொன்னதுதான். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர் நிலையில் மட்டும் ‘க்ளிக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிறதா? கப்பில் பால்ரஸ் குழி பறித்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, செட்டை மாற்றுங்கள்.

மேடு பள்ளத்தில் எல்லாமே லொடலொடக்கிறது.

முன் சக்கரத்தை இரண்டு அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள். ‘லொட’ என்று கேட்கும். இப்போது மட்கார்டைக் கையால் பிடித்துக்கொண்டு போடுங்கள். பிறகு மணியை, விளக்கை, கேரியரை, பூட்டை, ஸ்டாண்டை. எதைப் பிடிக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான். மட்கார்ட் கம்பிகளுக்கு அடியில் பழைய டியூபில் வெட்டிய சின்ன வட்டத்தை வாசராகப் போட்டு இறுக்கினால் பல வருடம் அமைதியாக இருக்கும். கேபிள் பிரேமில் தட்டினால் அங்கேயும் டியூப் துண்டுதான்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? டபிள்யூடி-40 அடித்தால் போதுமா?

தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குச் சத்தத்தை நிறுத்தும். சில நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவென்று 1953-இல் செய்யப்பட்டது. துருப்பிடித்த நட்டை இளக்கவும் செயினைச் சுத்தம் செய்யவும் நல்லது. ஆனால் செயினுக்குள் தங்காது. அதற்குமேல் எண்ணெய் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, அடிக்கடி விடத் தயாராக இருந்தால் பரவாயில்லை.

முறைதான் முக்கியம். துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னுக்குச் சுற்றி அழுக்கை எடுங்கள். கண்ணிக்கு ஒரு சொட்டு, உருளையின் மேல். பத்து நிமிடம் விட்டு, வெளியே உள்ள எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே வழிவது மணலைத்தான் ஒட்டவைக்கும். மழையில் நனைந்த அன்றே இதைச் செய்தால் மறுநாள் காலை ‘கீச் கீச்’ வராது.

செயின் பல்லைவிட்டு நழுவுகிறது. எதை மாற்றுவது?

ஸ்கேலை எடுங்கள். செயின் கண்ணிகளைச் சேர்க்கும் ஏதாவது ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி 12 அங்குலம் அளந்தால் சரியாக இன்னொரு பின்னின் நடுவில் வர வேண்டும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் கியர் சைக்கிளில் செயினை மாற்றும் நேரம். 1/8 தள்ளியிருந்தால் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் பழைய பல்லில் ஏறி நழுவும். பல்லின் முனை சுறா மீனின் துடுப்புபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அளவு சரியாக இருந்தும் சாதாரண சைக்கிளில் செயின் கழன்றால் தொய்வைப் பாருங்கள். நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடினால் சரி. கிராங்கைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பாருங்கள். பல்சக்கரம் மையம் விலகியிருந்தால் ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் தொங்கும். இறுகும் இடத்துக்கு அளவு வையுங்கள்.

செயின் பல்லைவிட்டு நழுவாமலே பெடலும் செயினும் மட்டும் முன்னுக்குச் சறுக்கி, பின் சக்கரம் கூடவே சுற்றாவிட்டால் அது ஃப்ரீவீல் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே உருளவிடும் பின் பல்சக்கரம்). உள்ளே நாக்குபோன்ற சிறு இரும்புத் துண்டுகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். மறுபடி ஒருமுறை சறுக்கினாலும் மாற்றிவிடுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது அது சறுக்கினால் நெஞ்சு ஹேண்டிலில் மோதும்.

பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

ரிம்மை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிரேக் கட்டை பளபளத்திருந்தால் மணல் தாளில் இரண்டு இழுப்பு. பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் கட்டையின் முன் நுனி பின் நுனியைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். கட்டையின் பின் நுனிக்கு அடியில் ஒரு மடித்த அட்டையைச் செருகிக்கொண்டு இறுக்கினால் அந்தச் சாய்வு தானாக வரும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய்க் கை படவே கூடாது. பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தட்டைத் துடையுங்கள். பேடு எண்ணெய் குடித்திருந்தால் புதிது வாங்குங்கள்.

கோட்டம் வீட்டில் எடுக்கலாமா?

ரிம் நேராகச் சுற்றாமல் பக்கவாட்டில் வளைந்து ஆடுவதுதான் கோட்டம். சின்னக் கோட்டம் எடுக்கலாம். பிரேக் கட்டையையே அளவாக வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி, ரிம் எந்தப் பக்கம் உரசுகிறது என்று சாக்பீசால் குறியுங்கள். இடப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்ஸ் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றினால் நிப்பிள் (கம்பியின் ரிம் முனையில் உள்ள சிறு நட்டு) இறுகும். கால் சுற்றுக்குமேல் ஒரே முறையில் போகாதீர்கள். கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள்: ஒரே பக்கக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ‘டப்’ என்று செத்த சத்தம் தருவது தளர்ந்த கம்பி; அதுதான் பாரம் ஏற்றும்போது ‘டிங் டிங்’ என்று முனகி, ஒருநாள் ஹப்பின் வளைவில் முறியும். ரிம்மே பள்ளத்தில் அடிபட்டு நசுங்கியிருந்தால் கம்பியால் அதைச் சரிசெய்ய முடியாது.

கியர் சைக்கிளில் ஒரு கியரில் மட்டும் கடகடக்கிறது.

பெரும்பாலும் கேபிள் தளர்வு. பின் கியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். அமைதியானால் அங்கேயே நிறுத்துங்கள், மோசமானால் எதிர்த்திசை. சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகு தொடங்கிய சத்தம் என்றால் கியர் தொங்கும் காது வளைந்திருக்கும். அதை நிமிர்த்தக் கருவி வேண்டும், கடைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன். இன்னும் கிரீச்சிடுகிறது.

பிரேமைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்துங்கள். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருமிடம், பி.பி.யைச் சுற்றி, சீட் பைப் நுழையும் வாய், பின் ஆக்சில் மாட்டும் இடம், இவற்றை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்டில் தலைமுடிபோன்ற கோடும் அதிலிருந்து துரு வடிந்த தடமும் இருந்தால் அது விரிசல். ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள். இரும்பு பிரேமை அனுபவமுள்ள வெல்டர் சரிசெய்யக்கூடும். அலுமினியத்தை வெல்டு வைத்து நம்பக்கூடாது. விரிசல் ஃபோர்க்கில் என்றால் எந்த உலோகமானாலும் மாற்ற மட்டுமே வேண்டும்.

புது சைக்கிள்தானே, வாங்கிய மாதமே ஏன் ஆடுகிறது?

பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிள் உட்பட எல்லாப் புது சைக்கிளுக்கும் இது பொருந்தும். முதல் சில வாரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் தத்தம் இடத்தில் உட்காரும், கேபிள் உறைகள் அமுங்கும், கப்புகள் பிரேமில் படியும். இதெல்லாம் பழுதல்ல. பதினைந்தாம் நாள் ஒரு மாலை உட்கார்ந்து கோன், காட்டர் பின், பெடல், ஹேண்டில் நான்கையும் பாருங்கள். அவசரமாகப் பூட்டிய சைக்கிளில் கோன் இறுகலாகவும் கிரீஸ் குறைவாகவும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஆக்சிலை அவர்கள் விரலாலேயே சுற்றச் சொல்லுங்கள். பாதி வழியில் சைக்கிள் ஆடத் தொடங்கும்போது அருகில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.